நிற்காத பெடலும் மாவுக்கட்டுக்காரரும்

பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவுப் பிரிவில் மாவுக்கட்டு போடுபவர் அவர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. தலைமை டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவர் 'மாவுக்கட்டு'தான். ஒட்டடைக் குச்சிக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டதுபோல ஆள் நெடுநெடுவென்று இருப்பார். பாதம் அந்த உயரத்தையும் மிஞ்சியது. செருப்புக் கடைக்காரர்கள் அவர் படியேறும்போதே கையை விரித்துவிடுவார்கள்.

"அடுத்தவன் காலைப் பிடிச்சே பொழைக்கிறவன் நான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் மனைவியின் தம்பி சைக்கிள் கடை வைத்திருந்தான். ஒருநாள் வேலை முடிந்து அந்தப் பக்கம் போனபோது, கடை மூலையில் ஒரு சைக்கிள் தனியாக நின்றது. மெல்லிய கறுப்புச் சட்டம், கியர் கிடையாது, முன்னால் ஒரே ஒரு பிரேக். அவ்வளவு உயரமான சைக்கிளில் யாருக்கும் தரையில் கால் எட்டாததால் விலை போகாமல் கிடந்தது. மாவுக்கட்டு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

"அத்தான், ஒண்ணு சொல்லிடறேன். இது ஃபிக்ஸட் வண்டி. சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும். நீங்க நிறுத்தினாலும் அது நிறுத்தாது."

"உங்க அக்கா மாதிரின்னு சொல்லு."

"நான் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க."

கடைக்குப் பின்னாலிருந்த சந்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். மிதித்தால் முன்னே பாய்ந்தது; காலைப் பின்னுக்கு அழுத்தினால் தயங்கி மெதுவானது. சைக்கிள் ஓட்டுவதுபோலவே இல்லை, தன் கால்களே நீண்டு சக்கரமாகிவிட்டதுபோல் இருந்தது. பழைய நினைப்பில் நடுவே மிதிப்பதை நிறுத்தினார். பெடல் அவரை இருக்கையிலிருந்து ஒரு முழம் தூக்கிப் போட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு அடங்கவில்லை. வண்டி அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டது.

ஆழம் தெரியாமல் காலை விட்ட கதை மறுநாள் காலையில் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு சரிவு உண்டு. அதில் பாதி இறங்கியபோது பெடலிலிருந்து கால் வழுக்கியது. பெடல்கள் இரண்டும் மிக்ஸி பிளேடுபோலச் சுழன்றன. மறுபடி காலை வைத்தால் கணுக்கால் என்ன ஆகும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? இரண்டு காலையும் விரித்து வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொண்டு, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தபடி, வங்கி வாசலில் நின்ற வரிசையைத் தாண்டி, ஷூ கடை முன் குவித்திருந்த காலி அட்டைப்பெட்டிகளுக்குள் போய் நின்றார். ஒரு கீறலில்லை. கடைக்காரர் ஓடிவந்து, அந்தப் பாதங்களைப் பார்த்துவிட்டு, "உங்க சைஸ் இல்லீங்களே" என்றார்.

விஷயம் அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மனைவிக்குத் திரைச்சீலைக் கடையில் வேலை. வங்கி வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் அவள் வாடிக்கையாளர்கள்.

"உங்களுக்கு யாருங்க மாவுக்கட்டு போடுவா? நீங்களே போட்டுக்குவீங்களா?" என்று கேட்டாள். வண்டியை விற்கச் சொல்வாள் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவளோ, "காலைப் பெடலோட கட்டிட்டு ஓட்டுங்க. இல்லேன்னா வண்டியைத் தொடாதீங்க" என்று முடித்துவிட்டாள்.

அப்படித்தான் பெடல் தேடும் படலம் தொடங்கியது. மச்சினன் முதலில் கொடுத்தது இரும்புக் கூடு வைத்த பெடல். அதற்குள் விரல்களை நுழைத்து மேலே தோல் வாரை இழுத்து இறுக்க வேண்டும். பார்க்க ராஜ களையாக இருந்தது. ஆனால் அவர் பாதத்தில் கால்வாசிதான் உள்ளே போனது. அதையும் இறுக்கிக்கொண்டு கிளம்பினார். முதல் சிக்னலில் வண்டியை நிறுத்தினார். வாரைத் தளர்த்த மறந்துபோனார். வெட்டின மரம்போல, அவசரமே இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்தார். பக்கத்து ஸ்கூட்டரில் இருந்த அம்மாள் அவர் தோளை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பச்சை விழும்வரை அவர் முகத்தைப் பார்க்காமல் நேரே பார்த்தபடி இருந்தாள்.

அடுத்தது பெடலில் டக்கென்று பூட்டிக்கொள்ளும் ஷூ. அவர் அளவுக்குக் கிடைக்கவில்லை. மச்சினன் எங்கெங்கோ சொல்லி ஒரு ஜோடி வரவழைத்தான். அடியில் இருந்த இரும்புத் துண்டோடு வார்டில் நடந்தபோது குதிரை வருகிறதென்று நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். தலைமை நர்ஸ் வாசலைக் காட்டினாள்.

மூன்றாவதாக வந்தது அகலமான தட்டைப் பெடல். அதன்மேல் குறுக்காக ஒரு பட்டை, உள்ளங்கை அகலத்துக்கு, கரகரவென்று பிரித்து ஒட்டும் வெல்க்ரோ வகை. மனைவி அதைக் கையில் வாங்கிப் புரட்டினாள். திரைச்சீலைப் பட்டைகளோடு நாளெல்லாம் மல்லுக்கட்டுகிறவள். இழுத்துப் பார்த்தாள், தையலை நகத்தால் நெருடினாள்.

"ரெட்டைத் தையல். இது தாங்கும்."

சாப்பாட்டு மேஜையை ஒதுக்கிவிட்டு, பின்சக்கரம் தரையில் படாமல் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினார்கள். மாவுக்கட்டு காலை நேராக நுழைத்தார், போகவில்லை. பலமாகத் தள்ளினார், போனது, திரும்பி வரவில்லை.

"காலைச் சுத்தின பாம்பு கடிக்காம விடாதுங்கறது சரிதான்" என்று முனகியபடி பட்டையைப் பிரித்துக் காலை உருவினார்.

"தள்ளுங்க, நான் பாக்கறேன்." இருக்கையை அடிவரை இறக்கச் சொல்லி, நைட்டியைச் செருகிக்கொண்டு அவள் ஏறினாள். குதிகாலைக் கொஞ்சம் வெளியே திருப்பிப் பட்டைக்குள் நுழைத்து, பிறகு நேராக்கினாள். பட்டை தானாக இறுகியது. மறுபடி குதிகாலைத் திருப்பினாள். கால் வெண்ணெய்போல வெளியே வந்தது.

"இவ்வளவுதானா? இதுக்கா ஊரைக் கூட்டினீங்க?"

அதேபோல் செய்து பார்த்ததும் அவருக்கும் அந்த வித்தை வந்துவிட்டது. ஆனால் அவள் மறுபடி ஏறிக்கொண்டு மிதிக்கத் தொடங்கினாள். சக்கரம் விர்ரென்று சுழன்றது. சுவரில் இருந்த காலண்டர் படபடத்தது. நிறுத்தப் பார்த்தாள், பெடல் அவளை விடாமல் இழுத்துக்கொண்டு சுற்றியது. அவள் சிரித்த சிரிப்பில் மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இறங்கும்மா, நான் ஓட்டணும்."

"இருங்க, இன்னும் கொஞ்சம்."

அடுத்த வாரமே குட்டைச் சட்டத்தில் இன்னொரு வண்டி வந்தது, அதே பெடல், அதே பட்டை, சிவப்பில். அவள் வெறிச்சோடிய மைதானத்தில் பழகிக்கொண்டாள். பிறகொரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் அந்தச் சரிவின் மேலே போய் நின்றார்கள். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அவர் குதிகாலைத் திருப்பிக் காலை நுழைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் கிளம்பிவிட்டாள். பட்டை பிடித்த கால்கள் பெடலோடு ஒட்டிச் சுற்ற, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிய அந்த உருவம் கீழே கீழே போய்ச் சிறுத்தது.

"மெதுவா போம்மா" என்று கத்தினார்.

"கால் நிக்கலீங்க" என்று கீழிருந்து குரல் வந்தது. பயத்தில் சொன்ன குரலாக அது இல்லை. மாவுக்கட்டு சிரித்துக்கொண்டே பின்னால் விரட்டினார்.