குலுக்கிப் பார்த்த மருந்து

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ஐஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தடுப்பூசி மருந்துகளைக் குளிரில் வைத்துக் காக்கும் அறை அவள் பொறுப்பு. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். இவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடமாடுவாள். வீட்டிலும் அதே கெடுபிடிதான். தையற்காரரான அவள் கணவர் ஃப்ரிட்ஜில் கை வைத்தால் போதும், "என்ன வேணும்னு யோசிச்சுட்டுத் திறங்க" என்று உள்ளேயிருந்து அதட்டல் வரும். பாவம் மனிதர், தாகம் எடுத்தால் குழாயடிக்கே போய்விடுவார்.

அந்த வருஷம் ஆற்றங்கரைக் குடியிருப்பில் தொண்டை அடைப்பான் வந்தது. குழந்தைகளின் தொண்டையில் படலம் கட்டி மூச்சையே அடைக்கிற பொல்லாத நோய். கையிருப்பில் மருந்து இல்லை. எங்கோ ஒரு நாட்டில் செய்து, இன்னொரு நாடு விலை கொடுத்து, மூன்றாவது நாட்டு விமானத்தில் வந்து இறங்கியது தடுப்பூசி. கூடவே ஒரு வெளிநாட்டு நர்ஸும் வந்தாள். நம் பாஷையை மரியாதையோடு மட்டுமே கற்றிருந்தாள். வாசலில் வந்து நிற்கும் பூனையைக்கூட "நீங்க உள்ள வராதீங்க" என்பாள்.

ஐஸக்காவின் தங்கை குடியிருந்தது அந்த ஆற்றங்கரையில்தான். ஊசி போடும் முகாம் நடக்க வேண்டிய அன்று காலை அவளிடமிருந்து போன்.

"அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளையத் தூக்கிட்டு ஓடுறாங்கக்கா. என் பொண்ணுக்கு எப்ப ஊசி போடுவீங்க?"

"இதோ கிளம்புதுடி. பெட்டிய அடுக்கிட்டேதான் பேசுறேன்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே மருந்துப் பெட்டிகளை அடுக்கி மூடி, வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாள். அப்பாடா என்று சாப்பாட்டு டப்பாவோடு மேசைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேசை காய்ந்து கிடந்தது.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பாக்கெட்டுகளை நேராகப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. மேசைமேல் பரப்பி, அவை வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சளசளக்கும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் மருந்து உறைந்துபோகும். இந்த மருந்துக்கு அதுதான் எமன். உறைந்து இளகினாலும் பார்வைக்குப் பழைய மாதிரியே இருக்கும்; ஆனால் போட்டும் பிரயோஜனம் இல்லை. தினமும் பெட்டி கட்டிய பிறகு அந்த மேசையைத் துடைத்தே அலுத்துப்போனவளுக்கு, இன்று துடைக்க ஒரு சொட்டு ஈரம் இல்லை.

போன் பேசிய அவசரத்தில் ஐஸை நேராகவே பெட்டிக்குள் வைத்துவிட்டிருக்கிறாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பும் வந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. கூடவே, கையை நீட்டிக்கொண்டு நிற்கும் தங்கை மகளின் முகமும் வந்தது. உடனே டிரைவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, வண்டியத் திருப்புங்க. ஒரு பிள்ளைக்கும் போடக் கூடாது."

வண்டி பாதி வழியிலிருந்து திரும்பியது. பெட்டிகளைப் பிரித்து ஐஸை எடுத்துப் போட்டு, மருந்தைக் குளிரறையில் வைத்தார்கள். ஐஸக்கா நர்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"எத்தனை நாட்டுக்காரங்க கைமாத்திக் கைமாத்திப் பத்திரமா கொண்டுவந்து குடுத்தாங்க. என் மேசைக்கு வந்ததும் கெடுத்துட்டேனே!"

நர்ஸ் திட்டவில்லை. "முதல்ல பாருங்க. கெட்டிருந்தா அப்புறம் அழுங்க" என்றாள்.

பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. அதே மருந்தில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்துக் கெடுத்து, சந்தேகப்படும் குப்பியை அதனோடு ஒப்பிட வேண்டும். அது கல்லாக உறைய விடியும்வரை ஆகும். முகாமைத் தள்ளிவைத்தார்கள். தங்கை போனில் பொரிந்து தள்ளிவிட்டாள்: "நீயெல்லாம் ஒரு அக்காவா?"

மறுநாள் காலை, உறைந்த குப்பி இளகியதும், ஐஸை ஒட்டியிருந்த ஒரு குப்பியையும் அதையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி மேசையில் வைத்தாள் ஐஸக்கா. இரண்டும் வெள்ளையாகக் கலங்கி நின்றன. இருவரும் முகவாயை மேசையில் ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். கெடுத்த குப்பியில் வெள்ளை மளமளவென்று இறங்கி, மேலே தெளிந்த தண்ணீர் தெரிந்தது. மற்றதில் கலங்கல் தெளிவதாகவே இல்லை. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒன்றை எடுத்துக் குலுக்கினார்கள். எல்லாம் அப்படித்தான். வண்டி சீக்கிரம் திரும்பியதால் மருந்து தப்பியிருந்தது.

போன உயிர் திரும்பி வந்தது ஐஸக்காவுக்கு. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்ப அழுங்க" என்றாள் நர்ஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அன்று ஊசி போடும் வரிசையில் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றாள். நர்ஸ் "உங்க கையக் குடுங்க" என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் மரியாதையாகக் கேட்டு ஊசியை ஏற்றினாள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறியது பிள்ளை.

"கத்தாதடி, எல்லாரும் பாக்குறாங்க" என்று தங்கை அதன் வாயைப் பொத்தப் போனாள்.

ஐஸக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்தட்டும் விடுடி. தொண்டை எவ்வளவு நல்லா இருக்கு பாரு."