நடுப்பகலில் திறந்த கதவு

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் மூன்று வருஷம் இருக்கும். புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஜவுளிக்கடை. பெண்களுக்கு ரவிக்கைத் துணி எடுத்துக் காட்ட ஒரு பெண் வேண்டுமென்று என்னை வேலைக்கு வைத்தார்கள். அப்போது என் மூத்த மகன் ஐந்து மாதக் கைக்குழந்தை.

கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்கா என்று கேட்பீர்கள். என் கணவரின் மில் சம்பளத்தில் பாதி மாதம்தான் அடுப்பு எரியும். வேறு வழி? அதோடு எங்கள் ஊரில் ஒரு வசதி உண்டு. பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லாக் கடையும் கதவை அடைத்துவிடும். நாலு மணிக்குத்தான் மறுபடி திறக்கும். வெள்ளைக்காரன் விட்டுப் போன தூக்கம் என்று கிண்டல் செய்வோம். அந்த நேரத்தில் முத்தியால்பேட்டையில் இருக்கும் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் வேலையை ஒப்புக்கொண்டேன். முதலாளியும், "கட தொறந்திருக்கற நேரத்துக்குத்தான் சம்பளம். மத்தியானம் உங்க பாடு" என்று வாயாரச் சொல்லியிருந்தார்.

வைகாசி முகூர்த்தம் வந்தது. சுற்றுப்பட்டு கிராமத்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். ஒரு கூறைப்புடவை எடுக்க ஒன்பது பேர் வருவார்கள். ஒன்பது பேரும் கடையையே பிரித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். மதியம் கதவை அடைத்ததும் முதலாளி சொன்னார், "இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் இருந்து மடிச்சு வச்சிடுங்க." ஒரு நாள் என்றது தினப்படி ஆகிவிட்டது. வெளியே கடை அடைப்பு, உள்ளே எங்களுக்கு வேலை. சம்பளம் கேட்டால், "அதான் கட மூடியிருக்குதே!" என்பார். சொல்லிவிட்டு மாடிக்குத் தூங்கப் போய்விடுவார். எப்பேர்ப்பட்ட நியாயம் பாருங்கள்!

எனக்குச் சம்பளம்கூடப் பெரிதில்லை. பிள்ளைக்கு வேறு பால் சேரவில்லை. பசும்பால் கொடுத்தால் கக்கிவிடுவான். காலையில் கொடுத்துவிட்டு வந்தால் இரவுதான். இங்கே எனக்கு மார் கட்டி, ரவிக்கை நனைந்து, முந்தானையால் மூடிக்கொண்டு புடவை மடிப்பேன். அங்கே அவன் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அழுதுகொண்டிருப்பான். அந்த ஒரு வாரத்தில் அவன் கன்னம் ஒட்டிப்போனதைப் பார்த்து நான் அழாத ராத்திரி இல்லை.

கதவுக்குக் குறுக்குக்கட்டை போடும் பொறுப்பு ஒருவரிடம் இருந்தது. எங்களோடு துணி கிழிக்கும் விற்பனையாளர்தான், நாற்பது வயதிருக்கும். நாங்கள் முதலாளி என்போம். அவர் மட்டும் பிரெஞ்சுக்காரர்களை அழைப்பது போல 'முசே' என்பார். முதலாளி தும்மினால்கூட, "உய் முசே!" ஆமாங்கையா என்று அர்த்தம். நாங்கள் அவருக்கு வைத்த பெயரே அதுதான். 'உய் முசே வராரு, வாய மூடு' என்போம். அப்படியொரு ஜால்ரா.

ஒரு நாள் மதியம் கதவை அடைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. தெருவில் ஈ, காக்காய் இல்லை. திடீரென்று கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுகிறது. பெற்றவளுக்குத் தெரியாதா? என் கையிலிருந்த துணி நழுவிவிட்டது.

"அக்கா! புள்ள கத்திக் கத்தி மூச்சே அடங்குதுக்கா. இன்னா பண்றதுன்னு தெரியல, தூக்கிக்கினு வந்துட்டேன்!" பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டுகிறாள்.

நான் கதவுக்கு ஓடினேன். அதற்குள் சத்தம் கேட்டு முதலாளி பாதி மாடிப்படியில் வந்து நின்றுவிட்டார். "எவனுக்கும் கதவத் தொறக்கக் கூடாது! தொறந்தா ஜனம் உள்ள பூந்துடும். நாலு மணிக்குக் கொண்டாரச் சொல்லு!" என்னிடம்கூடச் சொல்லவில்லை, கதவருகே நின்ற உய் முசேயிடம் சொன்னார்.

அவர் முதலாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஈரமான என் முந்தானையைப் பார்த்துச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். வழக்கமான பதில்தான் வரப்போகிறது என்று நான் பாழாய்ப்போன மனசுக்குள் திட்டவும் தொடங்கிவிட்டேன்.

"நோன், முசே" என்றார்.

மாட்டேன் என்று! அந்த வாயிலிருந்து! குறுக்குக்கட்டையை உருவிக் கீழே போட்டார். இரண்டு கதவையும் விரியத் திறந்தார். வெயில் உள்ளே வந்து விழுந்தது. "கட மூடியிருக்குதுங்க முசே. மூடின கடையில எங்களுக்கு இன்னா வேல? நாலு மணிக்கு வரோம்" என்றார். பதிலுக்குக்கூட நிற்கவில்லை, படியிறங்கிவிட்டார். மடித்துக்கொண்டிருந்த ஐந்தாறு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பின்னாலேயே எழுந்து வந்துவிட்டார்கள்.

எதிரே பூட்டிக்கிடந்த கடையின் தாழ்வாரத்து நிழலில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கினேன். நடுத்தெருவில் எப்படிப் பால் கொடுப்பது? நான் கூசியதைப் பார்த்து, "நீ குடுமா தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நின்றார். மற்றவர்களும் எனக்கு முதுகைக் காட்டி, தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். ஒரு மதில் மாதிரி.

அப்போதுதான் அவர்கள் கால்களைப் பார்த்தேன். ஜமக்காளத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள், செருப்பு எல்லாம் கடைக்குள்ளே. வைகாசி வெயிலில் தெரு கொதிக்கிறது. ஒரு காலைத் தூக்கி மறு கால், அதைத் தூக்கி இந்தக் கால் என்று மாற்றி மாற்றி நிற்கிறார்களே தவிர, ஒருவரும் நிழலுக்கு வரவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை மடக்மடக்கென்று குடிக்கும் சத்தம் அந்த வெறுந்தெருவில் கேட்டது. அப்பா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. கோயிலில் நிற்கும்போதுகூட எனக்கு அப்படிக் கைகூப்பத் தோன்றியதில்லை.

நாலு மணிக்குப் போனோம். மலைபோல் துணி, வாசலில் ஜனம். முதலாளி என்ன செய்வார், எங்களை உள்ளே விட்டார். மறுநாளிலிருந்து மதியம் கதவை அடைத்ததும் நாங்கள் வெளியேதான். என் மகன் கன்னம் மறுபடி உப்பியது. வேலை செய்த மதியங்களுக்கான சம்பளம் மட்டும் கடைசிவரை வரவில்லை. அந்தத் தீபாவளிக்கு எல்லோருக்கும் வேட்டி, புடவை கொடுத்த முதலாளி, அன்றைக்குக் கதவைத் திறந்தவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. நான் பொறுக்க மாட்டாமல், "இன்னா அண்ணே இது அநியாயம்?" என்றேன். "உடு தங்கச்சி, நாலு பொண்ண வச்சிக்கினு நான் இன்னா சண்டையா போடறது?" என்று சிரித்தார். அதற்குள் உள்ளேயிருந்து முதலாளி கூப்பிட, "உய் முசே!" என்று ஓடினார்.

என் மகனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. இன்றைக்கும் யாரையாவது ஜால்ரா என்று சொல்ல வாயெடுத்தால், கொதிக்கும் தெருவில் வெறுங்காலோடு எனக்கு முதுகைக் காட்டி நின்ற அந்த மனிதர் நினைவுக்கு வந்துவிடுகிறார். சொல்லாமல் வாயை மூடிக்கொள்கிறேன்.