தெற்கே பார்த்த தொட்டி

நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டிதான் ஆபத்து என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. தண்ணீர் இருந்தால் தன் கனத்திலேயே கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். காலியாக இருக்கும்போது அது வெறும் டப்பா. பலமாகக் காற்றடித்தால் ஒரு பக்கம் எழும்பிச் சாய்ந்துவிடும். அப்படி எழும்பாமல் பிடித்து வைப்பதுதான் என் வேலை. இன்னொரு எஞ்சினியர் கையெழுத்துப் போடுவதற்காக வரைபடம் வரைந்துகொண்டிருந்த எனக்குத் தனியாகக் கிடைத்த முதல் தொட்டி, செவிலிமேட்டில் ஒரு பட்டுச் சாயப் பட்டறை மாடியில்.

மாடியில் கிழக்கு மேற்காக இரண்டு இரும்பு பீம்கள். அவற்றின் மேல் உருண்டையான தொட்டி. தொட்டியின் அடியைச் சுற்றிச் சம இடைவெளியில் நான்கு இரும்புக் காதுகள். காதின் ஓட்டையும் பீமின் ஓட்டையும் சேரும் இடத்தில் போல்ட். சொல்லும்போது சுலபம்தான். ஆனால் குளிக்கும்போதும் காற்றுக் கணக்கு, இட்லிக்கு நடுவிலும் காற்றுக் கணக்கு என்று வீட்டில் எல்லோரையும் படுத்தி எடுத்தேன். பட்டறையை ஒட்டிக் கீழே ஓட்டுக் கூரையில் ஒரு தறிக்கூடம் இருந்தது. ஒரு குடும்பமே அதில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தது. தொட்டி சாய்ந்தால் அவர்கள் தலையில்தான்.

கிரேன் வந்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தொட்டி அந்தரத்தில் ஏறிய பிறகுதான் பட்டறை முதலாளி கேட்டார்.

"ஏம்மா, தண்ணி வர்ற வாய் எந்தப் பக்கம் பாக்குது?"

"தெற்குண்ணே. சாயம் போடுற எடம் அங்கதானே இருக்குது."

"தெற்கா! எமன் திசைமா அது! யப்பா கிரேனு, ஈசானியத்தப் பாத்து வையுபா!"

நான் வாயைத் திறப்பதற்குள் தொட்டி வடகிழக்கைப் பார்த்து பீம் மேல் உட்கார்ந்துவிட்டது. என் நான்கு காதுகளும் பீமை விட்டு விலகிக் காற்றில் நின்றன. ஒன்றாவது தப்பியிருக்கக் கூடாதா!

"அண்ணே, போல்ட் எதுல போடுறது? காத்தடிச்சா தறி மேல போய் உழும்!"

"இவ்ளோ இரும்பு எங்கம்மா உழும்?"

பாலாற்றுப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கிரேன்காரருக்கு அவசரம். "ஹூக்க கழட்டவா மேடம்?"

"கழட்டுனீங்கன்னா நான் எறங்கவே மாட்டேன்!" என்று தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மாடியில் ஒரு எஞ்சினியர் தொட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். முதலாளி சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாமல் பார்க்கிறார்.

கன்னம் தகரத்தில் ஒட்டியிருந்தபோதுதான் கீழே பீமின் ஓட்டை கண்ணில் பட்டது. இன்னும் அரைக்கால் சுற்று, அதாவது எட்டில் ஒரு பங்கு, திருப்பினால் காதுகள் திரும்பவும் ஓட்டைகளுக்கு நேராக வந்துவிடும். வாய் கிழக்கைப் பார்க்கும். சம இடைவெளியில் காது வைத்தது முன்யோசனை என்று நினைக்க வேண்டாம். பார்க்க அழகாக இருந்தது, வைத்தேன்.

"அண்ணே, கிழக்கு?"

அவர் உடனே வாஸ்து ஜோசியருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் குரல் வந்தது. "கிழக்கா? சூரியன் திசை. அதுவும் உத்தமம்தான். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கு நான் காத்திருக்கவில்லை. கிரேனுக்குக் கை காட்டிவிட்டேன். தொட்டி ஒரு சாண் எழும்பியது, திரும்பியது, இறங்கியது. குப்புறப் படுத்து முதல் போல்ட்டை இரண்டு விரலால் விட்டேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. அய்யோ, அந்தச் சுகம்! மற்ற மூன்றும் அப்படியே.

நான்கையும் முடுக்கி முடிக்கவும் காற்று வரவும் சரியாக இருந்தது. எதிர் மாடியின் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு பறந்தது. இரண்டு உள்ளங்கையையும் தொட்டியில் வைத்துப் பார்த்தேன். துளி அசைவில்லை. காலித் தொட்டி! நான் குதித்தேன், கத்தினேன், முதலாளியும் சேர்ந்து கத்தினார்.

கீழே தறிச் சத்தம் நின்றது. நெய்துகொண்டிருந்த அக்கா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"யாருமா அது மேல? பாவு நூல ஒண்ணொண்ணா பிணைச்சிக்கினு இருக்காங்க உள்ள. கூச்சல்ல இழை தப்புது. கொஞ்சம் வாய மூடிக்கினு இருங்களேன்!"

திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.