விஜி சுவரில் இட்ட கோடுகள்

எர்ணாகுளம் படகுத்துறையில் மட்டாஞ்சேரிப் படகுக்காகக் காத்திருந்தபோது கைபேசியில் செய்தி வந்தது. பேசியவர் இசக்கியம்மா, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து மட்டாஞ்சேரிச் சந்தையில் கறிவேப்பிலை, கொத்தமல்லி விற்பவர். "அண்ணாச்சி, கோடு போடுற பிள்ள போயிட்டா" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. அவர் குடியிருக்கும் மட்டாஞ்சேரித் தெருவில் கோடு போடும் பிள்ளை ஒருத்திதான்.

விஜிக்கு வயது இருபத்தாறு. எலிக்காய்ச்சல் என்று மருத்துவமனைச் சீட்டு சொல்கிறது. தெருவில் வேறு காரணம் சொல்கிறார்கள்: தண்ணீருக்கு எல்லை போட்டவளைத் தண்ணீர் சும்மா விடுமா என்று. நான் நெடுங்காலம் செய்தியாளனாக இருந்தவன். சீட்டில் இருப்பதையே எழுதுகிறேன். ஆனால் தெரு ஏன் அப்படிப் பேசுகிறது என்பதையும் சொல்லாவிட்டால் விஜியைப் பற்றிச் சொன்னதாகாது.

இந்த அஞ்சலியைப் படிக்கும், அவளை அறிந்த உங்களுக்கு அந்தத் தண்ணீரையும் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சில நாட்கள் காயல் ஏறும். மழை இருக்காது, காற்று இருக்காது. நல்ல வெயிலில், காலை எட்டு மணி வாக்கில், சாக்கடை வாயிலிருந்தும் தரை வெடிப்பிலிருந்தும் சத்தமில்லாமல் மேலே வரும். வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் முதுகுப் பக்கம், வீட்டுக்குள்ளே, அது ஏறிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடும். அடுப்படியில் ஒரு சின்ன மீன் கிடக்கும்.

நான் முதலில் பார்த்தபோது விஜி எர்ணாகுளத்தில் இயற்பியல் இளங்கலை படித்தாள். பல்கலைக்கழகத்தின் மாணவர் சேவைத் திட்டத்தில் கிரேஸ் மார்க்குக்காகத்தான் சேர்ந்தாள். அதை அவளே மறைக்காமல் சொல்வாள். தண்ணீர் வடிந்தபின் வீடு வீடாகப் போய், சுவரில் ஈரம் ஏறிய இடத்தில் நீலச் சாக்கட்டியால் கோடு போட்டு உயரத்தைக் குறிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. செய்திக்காக ஒரு நாள் அந்த மாணவர்களுடன் போனேன். மற்ற மாணவர்கள் வீடுகளுக்குள் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் தெருவில் நின்று அளவுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டேன். "சுவரை அளந்துருவேன் சார். உள்ள ஆள் இருக்காங்களே" என்றாள்.

அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தவர் இசக்கியம்மா. "போனத அளந்து என்னத்துக்குப் பிள்ள? வரப்போறதச் சொல்லு."

திட்டத்தை நடத்திய பேராசிரியர் அளக்க மட்டுமே சொல்லியிருந்தார். விஜி துறைமுகத்தின் கடல் ஏற்ற இறக்க அட்டவணையையும் தெருவின் பழைய கோடுகளையும் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் கணக்குப் போட்டாள். பிறகு ஒரு பௌர்ணமிக்கு முன்பு, காய்ந்த சுவரில், தண்ணீர் இன்னும் வராத இடத்தில் கோடு போட்டாள். தண்ணீர் அங்கே வந்து நின்றது. அடுத்த முறையும் நின்றது. மூன்றாவது முறைக்குப் பிறகு தெருவின் பேச்சு மாறியது. தண்ணீர் வருமிடம் அவளுக்குத் தெரிகிறது என்று யாரும் சொல்லவில்லை. அவள் போட்ட இடத்துக்குத் தண்ணீர் வருகிறது என்றார்கள்.

பேரம் பேசவும் தொடங்கினார்கள். "மோளே, நம்ம வீட்டுக்கு ரெண்டு விரல் கொறச்சுப் போடு. சாயா வாங்கித் தரேன்" என்றார் ஆட்டோ ஓட்டும் பாபு.

"ஒரு சாயாவுக்குக் கடல் மசியாது சேட்டா. பழம்பொரியும் சேர்த்து வாங்குங்க."

பாபு சிரித்தார். எதிர்வீட்டுக்காரி சிரிக்கவில்லை. விஜியின் கையில் சாக்கட்டியைப் பார்த்ததும் குழந்தையை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். ஒரு காலத்தில் வீடுகளுக்குள் போகப் பயந்தவளைக் கண்டு இப்போது வீடுகள் பயந்தன.

இசக்கியம்மாவின் கணவர் பரமசிவன் மூட்டை இறக்கும்போது விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு இழந்தவர். கட்டில் வேண்டாமென்று முழங்காலுக்கும் தாழ்ந்த ஒரு பலகையில் படுத்திருப்பார். அதிலிருந்தால்தான் யார் உதவியும் இல்லாமல் தரையில் இறங்கி நகர முடியும். ஓர் அமாவாசைக்கு விஜியின் கணக்கு பலகைக்கு மேலே வந்தது. அப்படியானால் அவரைப் பள்ளுருத்தியில் மச்சினன் வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும். அவர் கறாராகச் சொன்னார்: "நாலு பேரு தூக்குறது ஒரு தடவ போதும். அது இப்ப வேண்டாம்."

இசக்கியம்மா விஜியின் தாடையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு விரல் கொறச்சுப் போடும்மா. அவரு இங்கயே கெடக்கட்டும்."

விஜி குறைத்துப் போட்டாள்.

தண்ணீர் வந்த காலையில் இசக்கியம்மா சந்தைக்குப் போயிருந்தார். தண்ணீர் வடிந்தபின் நானும் விஜியும் போனபோது பரமசிவன் நனைந்த பலகையில் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். காதுவரை ஈரம். யாரையும் கூப்பிடவில்லை. "ஏன் சத்தம் போடல?" என்று விஜி கேட்டாள்.

"ஒன் கோட்டுல வந்து நின்னுச்சு பிள்ள. ரொம்ப நேரம் நின்னுச்சு. என்னையப் பாத்துச்சு. சரி, போயிரும்னு கெடந்தேன். அப்புறம் ஏறிச்சு."

ஏறும் தண்ணீர் அப்படி நடுவில் நிற்காது என்று விஜிக்குத் தெரியும். எனக்கே தெரியும். அவள் வாதாடவில்லை. குறிப்பேட்டைத் திறந்து, தமிழ் எழுத வராததால் மலையாளத்தில் எழுதி எனக்குப் படித்துக் காட்டினாள்: "கோட்டில் சிறிது நேரம் நின்றது. பார்த்தவர், பரமசிவன்." கூடவே தான் குறைத்த இரண்டு விரலையும் எழுதினாள். திரும்பும் வழியில் ஒன்றுதான் சொன்னாள்: "கணக்குல தப்பு வரல சார். அக்கா முகத்தைப் பார்த்தப்ப வந்துச்சு."

அதன் பிறகு அவள் எண்ணை முகத்துக்கு நேரே சொல்லாமல் சாக்கட்டியை எடுத்ததில்லை. அழுதவர்கள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பிறகு சொன்ன இடத்திலேயே கோடு போடுவாள். பட்டம் வாங்கினாள், திட்டம் முடிந்தது, டியூஷன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள், கோட்டை விடவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் எண்களை என்னிடம் தருவாள், தமிழில் அறிவிப்பு எழுத. இந்த ஆண்டு முடியும்வரைக்குமான எண்கள் என்னிடம் இருக்கின்றன. அவள் போன பிறகும் அவை ஒவ்வொன்றாக வருகின்றன.

முதலாவது சென்ற அமாவாசைக்கு வந்தது. அதற்கு முந்தின நாள் தாளை எடுத்துக்கொண்டு இசக்கியம்மா வீட்டுக்குப் போனேன். இருவரையும் பார்த்துச் சொன்னேன்: பலகைக்கு மேலே நான்கு விரல்.

"அண்ணாச்சி, ஒரு ரெண்டு..." என்று தொடங்கினார் இசக்கியம்மா.

"சும்மா இருடி" என்றார் பரமசிவன். பலகைக்கு மேலே சுவரில் நான்கு விரலை வைத்துப் பார்த்தார். "பாபுவக் கூப்பிடு. ஆளக் கூட்டிட்டு வரட்டும். தூக்குங்க."

நான் சாக்கட்டியால் கோட்டைப் போட்டேன். என் கோடு அவள் கோட்டைப்போல நேராக வரவில்லை.

விஜியிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தத் தாளில் இருக்கும் எண்கள். கூடவே, ஒன்றையும் குறைக்காமல் சொல்லும் கடமையும். மறுநாள் காலை, நல்ல வெயிலில், அந்த வீட்டு வாசற்படியில் நின்றேன். தண்ணீர் தரையிலிருந்து வந்தது. பலகையைத் தொட்டது, மூடியது, நான்கு விரல் ஏறியது. பலகையில் யாரும் இல்லை.