செல்வம் அண்ணைக்குப் பதிலாக

ஊர்காவற்றுறையில் தீவுகளெல்லாம் கொண்டாடிய ஒரு ரொக் இசைக்குழு இருந்தது. எண்பத்துநான்கில், அதில் பேஸ் கிற்றார் வாசித்த செல்வம் அண்ணை கையை முறித்துக்கொண்டதால், தேவாலயத்தில் கிற்றார் வாசித்த என்னைச் சேர்த்தார்கள்.

முதல் கச்சேரி நெடுந்தீவில். "செல்வம் எங்கை?" என்று கூட்டம் கத்தியது. பதற்றத்தில் ஒரு பாட்டின் நடுப்பகுதி மறந்துபோக, விரல் போன போக்கில் வாசித்துச் சமாளித்தேன். மேடையால் இறங்கியதும் அழுதுவிட்டேன்.

கை சுகமானதும் அண்ணை திரும்பி வந்தார். நெடுந்தீவுக் கச்சேரியன்று அவரும் கூட்டத்தில் நின்றிருக்கிறார்.

"தங்கச்சி, அந்த நடுப்பகுதியை ஒருக்கா வாசிச்சுக் காட்டும்."

"அது நான் விட்ட பிழை, அண்ணை."

"பிழையெண்டாலும் நான் வாசிக்கிறதைவிட நல்லாயிருக்கு."

அடுத்த கச்சேரியில் அவர் அதையே வாசித்தார். சனத்தோடு சனமாக நின்று கேட்டேன்.

இப்போதும் தெரியாத இடம் வந்தால் நான் வாசிப்பதை நிறுத்துவதில்லை.