முந்திப் போகச் சொன்ன கை

எங்கள் மாமா வாங்கிய முதல் கார் வீதியில் ஓடியதெல்லாம், விற்றவரின் வீட்டு வாசலிலிருந்து வாகனப் பரிசோதனை நிலையம் வரைக்கும்தான். அங்கே பரிசோதகர் காரை உயர்த்தி, அதன் அடித்தட்டில் ஒரு திருப்புளியை வைத்து மெல்ல அழுத்தினார். துருவேறிய தகட்டுக்குள் திருப்புளி பிடி வரைக்கும் போனது. அவர் அதை வெளியே எடுத்துத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, மாமாவின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். அதுதான் முடிவு.

அப்போது நாங்கள் டென்மார்க்கின் யூலாந்துப் பகுதியில், இக்காஸ்ட் என்ற ஊரில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்தார். துணித் தொழிற்சாலையில் சாயம் போடும் பகுதியில் வேலை. மாமி யாழ்ப்பாணத்தில் இருந்தார். கலியாணம் முடிந்த சில மாதங்களிலேயே மாமா தனியாகப் புறப்பட வேண்டி வந்தது. மாமியை இங்கே அழைப்பதற்கு விண்ணப்பம் கொடுத்த அதே வாரத்தில், விமான நிலையத்துக்குப் போக வேண்டுமே என்று அந்த நீல நிறப் பழைய காரை வாங்கினார். விண்ணப்பம் கொடுத்தால் ஆள் வந்துவிடும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். தமிழர்களின் குடும்ப இணைப்புக் கோப்புகளை நீதி அமைச்சு வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தது என்பது பிறகுதான் வெளியே வந்தது. அதற்குத் 'தமிழர் வழக்கு' என்று பெயர் வந்து, அரசாங்கமே பதவி விலகியது இன்னும் பிறகு. நான் சொல்லும் காலத்தில் அதற்குப் பெயர் இல்லை. கடிதப் பெட்டியில் கடிதம் இல்லை, அவ்வளவுதான்.

சாயப் பகுதியில் மாமாவுக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் ஸ்வென். உயரமானவர், மேற்கு யூலாந்துக்காரர். அந்தப் பகுதி மனிதர்கள் ஒரு பொருளை மிக மிகப் புகழ வேண்டுமென்றால் 'மோசமில்லை' என்பார்கள். ஸ்வென் அதையும் யோசித்துத்தான் சொல்வார். வீதி வேண்டாம் என்று சொன்ன காரைப் பந்தயத் திடலுக்குக் கொண்டுபோகலாம் என்று மாமாவுக்குச் சொன்னவர் அவர்தான். ஊருக்கு வெளியே அவருக்கு ஒரு பண்ணை வீடும் கொட்டகையும் இருந்தன. கொட்டகைச் சுவரில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றிலிருந்து வெட்டிய பெரிய படம் ஒட்டியிருந்தது: மிகப் பெரிய முட்டை வடிவப் பாதை, கிண்ணத்தின் விளிம்பைப் போலச் சரிந்த வளைவு, அதில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்பது போல நாற்பது கார்கள். யூலாந்தில் இருந்தது அதன் ஏழை உறவுக்காரன். ஹொல்ஸ்டெப்ரோ போகும் வழியில், பழைய மணல் குழி ஒன்றைச் சுற்றி வெட்டிய மண் பாதை. வீதிக்கு உதவாத கார்களின் கண்ணாடிகளையும் ஆசனங்களையும் கழற்றி, உள்ளே இரும்புக் குழாயால் கூடு கட்டி, அங்கே ஓட்டினார்கள். மக்கள் பந்தயம் என்று அதற்குப் பெயர்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் மாமா ஒரே ஒழுங்கில் இயங்கினார். வேலை முடிந்து வருவார். கீழே கடிதப் பெட்டியைத் திறந்து பார்ப்பார். மேலே வந்து தேத்தண்ணீர் குடிப்பார். பிறகு சைக்கிளில் ஸ்வென்னின் கொட்டகைக்குப் போவார். சனிக்கிழமைகளில் நானும் போய், கழற்றி வைத்த பின் ஆசனத்தில் இருந்து பள்ளிப் பாடம் செய்வேன். மாமா என்ஜினின் காபரேற்றரைக் கழற்றிக் கழுவித் துடைத்துப் பூட்டுவார். அடுத்த வாரம் நான் போகும்போது அதே காபரேற்றர் மறுபடியும் பத்திரிகைத் தாளின்மேல் துண்டு துண்டாகக் கிடக்கும். மாமாவுக்கு இந்த வேலை சரியாகத் தெரியாது என்று நினைத்தேன். ஸ்வென் ஒன்றும் சொல்லமாட்டார்.

அம்மா சொல்லுவார். "நீ காரோடையே குடும்பம் நடத்துறாய் போல கிடக்கு, தம்பி." மாமா சிரித்துக்கொண்டு காலணியைக் கட்டுவார். அவர் போன பிறகு அப்பா, அவனைச் சும்மா விடு, அங்கே போகாவிட்டால் சுவரையல்லவா பார்த்துக்கொண்டிருப்பான் என்று அம்மாவைத் தணிப்பார்.

வசந்தம் வந்ததும் ஸ்வென் பந்தய விதிகளைச் சொன்னார். அதில் ஒரு விதி மாமாவை உலுக்கிவிட்டது. பந்தயம் முடிந்ததும், ஓடிய எந்தக் காரையும் இன்னொரு ஓட்டுநர் கேட்டு வாங்கலாம். விலை எல்லாக் காருக்கும் ஒன்றுதான், சின்னத் தொகை. சொந்தக்காரர் மறுக்க முடியாது. யாரும் காசைக் கொட்டிக் கார் கட்டி வென்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. டேனிஷ்காரருக்கு அது நியாயமாகப் பட்டது. வென்ற காரைத்தானா கேட்பார்கள் என்று மாமா விசாரித்தார். எதையும் கேட்கலாம், ஆனால் தோற்ற காரை யார் கேட்பான் என்றார் ஸ்வென்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அது பெரிய விவாதமானது. ஓடாமலே விட்டுவிடு என்றார் அம்மா. அது முடியாது, இரும்புக் கூட்டை ஒட்டித் தந்தவர் ஸ்வென், அவருடைய கொட்டகையில் கட்டிய கார் ஓடாமல் நின்றதில்லை என்றார் மாமா. அப்படியென்றால் வெல்லாதே என்றார் அப்பா. விற்றால்தான் என்ன, இன்னொரு ஓட்டைக் கார் கிடைக்காதா என்றும் கேட்டார். மாமா சோற்றைக் குழைத்துக்கொண்டே இருந்தார்.

"அவ வருமட்டும் இது என்னட்டை நிக்கோணும், அத்தான்."

நான் அதை ஒரு பயண ஏற்பாடாக எடுத்துக்கொண்டேன். வீதியில் ஓட முடியாத, ஒரேயொரு ஆசனம் மட்டும் உள்ள காரில் மாமியை எப்படி ஏற்றுவார் என்று மட்டும் கொஞ்சம் யோசித்தேன்.

எனக்கு மாமா வென்றே ஆக வேண்டியிருந்தது. என் வகுப்பில் காஸ்பர் என்று ஒருவன் இருந்தான். அவனுடைய அண்ணனும் அதே திடலில் மஞ்சள் கார் ஓட்டினான். உன் மாமா முதல் வளைவிலேயே குழிக்குள் போவார் என்று காஸ்பர் வகுப்பு முழுவதுக்கும் கேட்கச் சொல்லியிருந்தான். மாமாவிடம் முறையிட்டேன். "பாப்பம், பிள்ளை" என்றார். அதை வாக்குறுதி என்று நினைத்தேன்.

பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நேரே போனதால் அம்மா பட்டுச் சேலையிலும் அப்பா கழுத்துப் பட்டியிலும் இருந்தார்கள். மற்ற எல்லோரும் றப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்கள். முதல் கார் கிளப்பிய மண்ணிலேயே சேலையின் கரை நிறம் மாறிவிட்டது. அம்மா ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு அன்று முழுவதும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அவர் கையில் இரண்டு தட்டுகளில், உறைப்பான கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் இருந்தன. முதல் தட்டை மாமா வாங்கிக்கொண்டு நேரே நடுவர் கூடாரத்துக்குப் போனார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு அலுவலகத்து மனிதரோடு மனம் விட்டுக் கதைக்க முன்னர் செய்ய வேண்டிய காரியம் அது. சிவப்புத் தொப்பி போட்ட நடுவர் மூன்று ரோல்ஸ் சாப்பிட்டார். கண்ணில் நீர் வர, நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான்காவதையும் எடுத்தார். மாமா மெதுவாக விற்பனை விதிக்கு வந்தார். நடுவர் வாயைத் துடைத்துக்கொண்டு, விதி விதிதான் என்றார்.

முதல் சுற்றில் மாமா வேண்டுமென்றே கடைசியாகப் புறப்பட்டார். முன்னால் போனவர்கள் முதல் வளைவில் ஒருவரையொருவர் இடித்து, ஒருவர்மேல் ஒருவர் ஏறி, புழுதிக்குள் மறைந்தார்கள். புழுதி அடங்கியபோது நீலக் கார், சந்தைக்குள் போகும் சைக்கிளைப் போல, நசுங்கிய கார்களுக்கு இடையில் பார்த்துப் பார்த்து வெளியே வந்தது. மாமா இரண்டாவதாக முடித்தார். அடுத்த சுற்றும் ஏறக்குறைய இப்படியே. சாரதிப் பரீட்சையில் நாலு முறை தவறி ஐந்தாவது முறை தேறியவர் அவர். முன்னால் போகும் வாகனத்துக்கு இடைவெளி விட்டு ஓட்டியவர் அந்தத் திடலில் அவர் ஒருவர்தான். அத்தோடு அந்த என்ஜின் தையல் இயந்திரம் போலச் சத்தமில்லாமல் ஓடியது. இறுதிச் சுற்றுக்கு அவர் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று விதமாக உச்சரித்தார்கள்.

இடைவேளையில் ஆட்கள் காரைப் பார்க்க வரத் தொடங்கினார்கள். ஒரு பருத்த விவசாய இளைஞன் முன் மூடியைத் திறந்து, என்ஜினில் காதை வைத்துக் கேட்டு, "மோசமில்லை" என்றான். மாமாவின் முகம் வாடியது.

"பொம்பிளை பாக்க வந்த மாதிரியெல்லோ சுத்திச் சுத்திப் பாக்கிறாங்கள்" என்றார் அம்மா.

அப்பா மாமாவைத் தனியே இழுத்தார். "உன்னை வெல்லாதை எண்டு சொன்னனான்."

"நான் மெதுவாத்தான் அத்தான் ஓடுறன். அவங்கள்தான் தங்களுக்குள்ள முட்டுப்படுறாங்கள்."

இறுதிச் சுற்றிலும் முட்டுப்பட்டார்கள். ஒருவன் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் போனான். இன்னொருவனின் சக்கரம் தனியாக ஓடி வேலிக்குப் போனது. இரண்டு வட்டம் மீதியிருக்க, நீலக் கார் முதலாவதாக வந்துகொண்டிருந்தது. பின்னால் காஸ்பரின் அண்ணனுடைய மஞ்சள் கார். நான் வேலிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு டேனிஷில் கத்தினேன். அம்மா என் சட்டையைப் பிடித்திருந்தார்.

கார்கள் எதிர்ப்பக்க நேர்பாதைக்கு வந்தன. எல்லாக் கார்களும் இடப்பக்கமே திரும்பி ஓடுவதால் அந்த இடத்தில் ஓட்டுநர்கள் இருக்கும் இடப்பக்கம் எங்களைப் பார்த்திருக்கும். நீலக் கார் வேகம் குறைந்து வலது ஓரம் ஒதுங்கியது. கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாக மாமாவின் இடக்கை வெளியே வந்தது. அந்தக் கை, உள்ளங்கை முன்பக்கம் பார்க்க, அமைதியாக முன்னும் பின்னும் அசைந்தது. யாழ்ப்பாணத்து வீதிகளில் பின்னால் வரும் பஸ்ஸுக்கு, நீ போ ராசா, என்று வழி விடும் கை.

மஞ்சள் கார்க்காரனுக்கு அது விளங்கவில்லை. ஏதோ சூழ்ச்சி என்று நினைத்து அவனும் வேகத்தைக் குறைத்தான். மாமா இன்னும் குறைத்தார். இன்னும் பலமாகக் கையைக் காட்டினார். யூலாந்துப் பந்தயத் திடலில் இரண்டு கார்கள், முதலாவதாக வராமல் இருக்கப் போட்டி போடுவது போல, மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்தன. ஒலிபெருக்கிக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். கடைசியில் மஞ்சள் கார் துணிந்து பாய்ந்தது. அதன் பின்னால் வந்தவர்களுக்கும் மாமா அதே மரியாதையோடு வழி விட்டார். அவர் கடைசியாகக் கோட்டைத் தாண்டியபோது கூட்டம் சிரித்துக்கொண்டே கைதட்டியது. வென்றவனுக்குக்கூட அவ்வளவு தட்டவில்லை.

நான் அழுதேன். மாமா தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். முகம் முழுக்கக் கரி, பற்கள் மட்டும் வெள்ளை. அவர் சந்தோஷமாக இருந்தார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

விற்பனை நேரம் வந்தது. மஞ்சள் காரைக் கேட்டு மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். காஸ்பரின் அண்ணன் ஒரு பழைய டயரில் குந்தியிருந்து, தன் கார் இன்னொருவனின் ட்ரெய்லரில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீலக் காரை யாரும் கேட்கவில்லை என்று மாமா மூச்சு விட்டபோது, பருத்த இளைஞன் மறுபடி வந்தான். அவன் அந்த என்ஜினை மறக்கவில்லை. காரை ஒருமுறை சுற்றி வந்தான். குனிந்து அடியில் பார்த்தான். நடுவரின் கூடாரம் பக்கத்திலேயே இருந்தது. மாமாவின் கை காரின் கூரைமேல் இருந்தது.

இவ்வளவு நல்ல என்ஜின் கடைசியில் ஏன் அப்படி ஊர்ந்தது என்று அவன் கேட்டான். மாமா வாயைத் திறக்க முன்னர் ஸ்வென் பதில் சொன்னார்.

"கியர் பெட்டி."

கியர் பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை என்பது எனக்கே தெரியும். இளைஞன் அனுதாபத்தோடு தலையை ஆட்டிவிட்டுப் போனான். ஸ்வென் இரண்டாவது தட்டில் மிஞ்சியிருந்த கடைசி ரோலை எடுத்துக் கடித்தார். மாமாவும் அவரும் காரை ட்ரெய்லரில் ஏற்றக் கயிறு கட்டினார்கள். அப்பா கழுத்துப் பட்டியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தள்ளிவிடப் போனார். வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்வென்னின் வான் வண்டியில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். முன்னால் மாமா ஏதோ மெல்லப் பாடிக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் காஸ்பர் அந்தக் கையை வகுப்பில் எல்லோருக்கும் செய்து காட்டினான். ஒரு வாரத்தில் அது பள்ளி முழுவதும் பரவியது. வகுப்பு வாங்குகளுக்கு இடையிலும் கழிப்பறை வாசலிலும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அப்படிக் கையைக் காட்டி வழி விட்டார்கள். கேலி எப்போது பழக்கமானது என்று சொல்ல முடியாது.

மாமா மறுபடி கொட்டகைக்குப் போய் வந்தார்; இன்னொரு குளிர்காலமும் முக்கால்வாசி அப்படியே போனது. பிறகு கோப்புகள் அசைந்தன. மாமி வந்தார். மாமா ரயிலிலும் கப்பலிலுமாகக் கோபன்ஹேகன் போய் அவரைக் கூட்டி வந்தார். மாமி மெல்லிய செருப்போடு எங்கள் வாசலில் நின்று, இஞ்ச எப்பவும் இப்பிடித்தான் இருட்டோ என்று கேட்டார். சின்ன அறையில் இரண்டு பேர் ஆனார்கள். வேலை முடிந்து வந்தால் மாமா வெளியே போவதில்லை. மாமி வெங்காயம் வெட்டுவார், மாமா உள்ளி உரிப்பார். இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே இருப்பார்கள்.

பந்தயக் காலம் தொடங்குகிறது, கார் நிற்கிறது என்று நான் நினைவூட்டினேன். "ஸ்வென் ஓட்டட்டும், பிள்ளை" என்றார். ஸ்வென் ஓட்டினார். ஒருவருக்கும் வழி விடாமல் ஓட்டி முதலாவதாக வந்தார். அன்று பின்னேரமே யாரோ காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் மூச்சிரைக்கப் படியேறி வந்து அதைச் சொன்னபோது மாமா, "ஓமோ, வெண்டதோ?" என்று கேட்டுவிட்டு, அடுத்த உள்ளிப் பல்லை எடுத்தார்.

இரண்டு குளிர்காலம் துடைத்துத் துடைத்து வைத்த கார். மாமாவுக்கு எதையும் நெடுநாள் விரும்பத் தெரியாது என்று அன்று முடிவு செய்தேன். மாமியை நினைத்துக் கொஞ்சம் கவலையாகவும் இருந்தது.