கூரையில் காய்ந்த கிழங்கு

போன வாரம் பினாங்குத் தீவின் கெலுகோரில் அண்ணன் மகளின் அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருந்தபோது அவள் கணவர் சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு உள்ளே வந்தார். வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டுகிறதாம். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. காது மந்தமாகிவிட்டதோ என்று பயந்தே போனேன்.

சுங்கை பினாங்கில் எங்கள் தகரக் கூரையில் பெருந்தூறல் விழுந்தாலே பேச்சை நிறுத்திவிட வேண்டும். சண்டையை ஜாடையில்தான் தொடரலாம்.

போருக்கு முன்பு அந்தத் தகரம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும். துத்தநாகம் பூசியது, புதுசில் மேலெல்லாம் வெள்ளிப் பூப் பூத்திருக்கும். அத்தாப்பு ஓலையைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டவர்களின் நடையே மாறிவிடும். எங்கள் அண்ணனும் அப்படித்தான். கல்யாணமானதும் வீட்டின் பின்னால் தாழ்வாக ஓர் அறை கட்டி எட்டுத் தகரம் போட்டார். சில மாதங்களிலேயே ஜப்பான்காரன் வந்துவிட்டான். கப்பல் நின்றது. ஓட்டை வாளியை அடைக்கக்கூடத் தகரம் இல்லை. மரவள்ளிக்கிழங்கு துருவ, பழைய பிஸ்கட் டின்னை வெட்டி ஆணியால் குத்தி வைத்துக்கொண்டோம். அரிசிக்குப் பதில் மூன்று வேளையும் கிழங்குதான். என் விரல் நுனிகளில் பாதி அந்த டின்னோடு போயிற்று.

ஒருநாள், ராணுவத்துக்காக நல்ல தகரங்களைப் பிரித்துக்கொண்டு போகிறார்கள் என்று செய்தி வந்தது. துருப்பிடித்ததைத் தொடமாட்டார்களாம். பின்னறையில்தான் அண்ணி நிறைமாதமாகப் படுத்திருந்தார். மழைக்காலம் வேறு. கூரை போனால் பிள்ளை நனைந்துகொண்டேதான் பிறக்க வேண்டும்.

அண்ணன் ஒரு யோசனை கண்டுபிடித்தார். செம்மண்ணைக் கிழங்குக் கஞ்சியில் குழைத்துத் தகரத்தின் மேல் பூசுவது. பத்தொன்பது வயதுக் குமரி நானும் ஏணியில் ஏறிப் பூசினேன். காய்ந்ததும் அசல் துரு! ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டோம். மழை என்று ஒன்று உண்டு என்பது இரண்டு அறிவாளிகளுக்குமே தோன்றவில்லை பாருங்கள்.

மறுநாள் விடியற்காலை பெய்த மழையில் செம்மண் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. பிறகு வெயில் ஏற, கூரை கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் மின்னியது. அண்ணன் வேலைக்குப் போய்விட்டார். தெருமுனைக்கு அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டு மணியக்கா ஓடிவந்தார். எனக்கு அழுகைதான் வந்தது. அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"அழுவாத லா! துருவுன கிழங்க எடு. பாயயும் கொண்டா."

துருவிய கிழங்கைப் பாயில் காயவைப்பது அப்போது எல்லா வீட்டிலும் நடக்கிற வேலை. ஐந்து வீட்டுப் பெண்கள் கிழங்கும் பாயுமாக வந்து எங்கள் கூரை முழுக்கப் பரப்பினார்கள். வந்தவர்கள் அதையும் அள்ளிக்கொண்டு போயிருந்தால் ஐந்து வீடும் ஒரு வாரம் பட்டினி. அது தெரிந்துதான் பரப்பினார்கள்.

ஜப்பான் அதிகாரியோடு மொழிபெயர்க்க ஒரு தமிழர் வந்திருந்தார்.

"கூரமேல என்ன?"

"கிழங்குண்ணே, காயுது."

புளித்த வாடைக்கு அதிகாரி மூக்கைச் சுளித்துக்கொண்டு நடந்தார். தமிழர் மட்டும் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தார்.

"ஓரத்துல பளபளங்குது தங்கச்சி. பாயக் கொஞ்சம் இழுத்து விடு."

நான் ஏணியில் ஏறிப் பாயை ஓரம்வரை இழுத்துவிட்டேன். சாயங்காலம் பாய்களை இறக்கியபோது எது யார் வீட்டுக் கிழங்கென்று தெரியவில்லை. ஒரே அடுப்பில் கிண்டி எல்லோரும் சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் அடைமழையில் அண்ணன் மகள் பிறந்தாள். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. கூரைச் சத்தத்தில் அவளுடைய முதல் அழுகை யாருக்கும் கேட்கவில்லை; திறந்த வாயைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று சிரித்தோம்.

அந்த வரிசை வீடுகள் இப்போது இல்லை. மணியக்காவும் இல்லை. அந்தத் தமிழரின் பெயரைக் கேட்காமல் விட்டது இன்றைக்கும் உறுத்துகிறது.

கெலுகோர் வீட்டில் சன்னலைத் திறக்கச் சொன்னேன். மழை எந்தத் தகரத்திலும் விழாமல் கீழே போய்க்கொண்டிருந்தது.

"சாரல் அடிக்கும் அத்த, உள்ள வாங்க," என்றாள் அண்ணன் மகள். அவ்வளவு மழையிலும் அவள் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.